சொந்தத் தயாரிப்பு

'சொந்தத் தயாரிப்பு' என்று எங்கே எழுதியிருந்தாலும் இப்போதெல்லாம் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. முறுக்குப் பொட்டலமாக இருந்தாலும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், இது உண்மையில் யார் வீட்டு முறுக்கு என்று. இந்தக் கோணல் புத்தி எனக்குப் பிறவியில் வந்ததில்லை. புதுக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில், கல்யாணம் எதுவும் இல்லாத ஒரு நாளில், பூ அலங்காரம் செய்த மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது வந்தது.

அக்காவிடமிருந்து தொடங்குகிறேன். என் கூடப்பிறந்த அக்கா திருவரங்குளம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. வேலையில் சேர்ந்த பிறகுதான் அவளுக்குப் பார்வை மங்கத் தொடங்கியது. முதலில் இருட்டில் தடுமாறினாள், பிறகு ஓரங்கள் போயின, கடைசியில் நடுவும் போனது. விழித்திரையில் வரும் நோய், மருந்து இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சின்ன வயதிலேயே பார்வை இழந்தவர்களுக்குப் பிரெய்ல் விரலில் ஓடும். அக்கா முப்பதைத் தாண்டிக் கற்றுக்கொண்டவள். ஒரு பத்தியைத் தடவி முடிப்பதற்குள் பீரியடு முடிந்துவிடும்.

அதனால் அவளுக்கு ஒரு செயலி. பாடப் புத்தகத்தின் மேல் போனைப் பிடித்தால் அது பக்கத்தைப் படம் எடுத்து, எழுத்துகளை அடையாளம் கண்டு, தமிழில் உரக்கப் படிக்கும். வகுப்பில் ஒரு பத்தியைப் படிக்கவிட்டு, நிறுத்தி, அங்கிருந்து அவள் பேசத் தொடங்குவாள். அவள் பேச ஆரம்பித்தால் பத்தாம் வகுப்பின் கடைசி பெஞ்சும் வாயை மூடிக்கொள்ளும். அந்த வகுப்புதான் அவளுக்கு எல்லாம். கண் போனபோதுகூட அவள் அவ்வளவு அழவில்லை, வகுப்பு போய்விடுமோ என்று நினைத்துத்தான் அழுதாள்.

அந்தச் செயலியை எந்தக் கம்பெனியும் செய்யவில்லை. நாங்கள் செய்தோம். நாங்கள் என்றால் கல்லூரியில் கணினி நடத்தும் நான், ஒரு வங்கி எழுத்தர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், வளைகுடாவில் வேலை பார்த்த அறந்தாங்கிக்காரர் ஒருவர், இன்னும் நான் முகமே பார்த்திராத பலர். சம்பளம் கிடையாது, மேலதிகாரி கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை. மாற்றியதை ஒருவருக்குக் கொடுத்தால், அவர் கேட்டதும் அதன் மூல நிரலையும் கொடுத்துவிட வேண்டும். மூல நிரல் ஒன்றும் மந்திரமல்ல. சமையலுக்குக் குறிப்பு எழுதுவதுபோல செயலிக்கு நாங்கள் எழுதும் வரிகள், அவ்வளவுதான். அது கையில் இருந்தால்தான் கெட்டுப்போனதைச் சரிசெய்ய முடியும்.

குரல் எங்கள் சித்தியுடையது. ஆவூர் தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பவர் அவர். கோவிலில் பூசை உடுப்புகள் வைக்கும் அறையில் அலமாரிக் கதவுகளைத் திறந்து போட்டு, எதிரொலியை உடுப்புகள் வாங்கிக்கொள்ள, ஒரு கோடை முழுவதும் வாக்கியம் வாக்கியமாகப் படித்தார். அந்த ஒலிகளைக் கோத்துத்தான் செயலி எதையும் படிக்கிறது. வெளியே மயில் கத்தினால் நிறுத்துவார், ஓய்ந்ததும் அதே வாக்கியத்தை முதலிலிருந்து படிப்பார். இவ்வளவும் எதற்கு என்று ஒரு முறை கேட்டார். கண் தெரியாதவர்களுக்கு என்றேன். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை, தண்ணீர் மட்டும் கேட்டார்.

அந்தச் செயலியில் ஒரு சின்ன விஷயம் உண்டு. ஆரம்பத்தில் வெற்றுத் தாளைக் காட்டினால் அது பேசாமல் இருக்கும். செயலி செத்துவிட்டதா, தாளில்தான் ஒன்றும் இல்லையா என்று அக்காவுக்குத் தெரியாது. தாளைத் தடவி, திருப்பிப் பிடித்து, கடைசியில் பக்கத்தில் போகிற வருகிறவர்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருக்கும். அது அவளுக்குப் பெரிய அவமானம். குழுவில் எழுதினாள். அடுத்த வெள்ளிக்கிழமை, வளைகுடாவில் விடுமுறை நாள், அறந்தாங்கிக்காரர் சில வரிகள் எழுதிச் சேர்த்தார். அன்றிலிருந்து வெற்றுத் தாளைக் காட்டினால் சித்தியின் குரல், "இந்தப் பக்கத்துல ஒண்ணுமில்ல அக்கா" என்று சொல்லும். மற்ற அறிவிப்புகள் எல்லாம் மரியாதையான எழுத்துத் தமிழில் இருக்க, இது மட்டும் எங்கள் ஊர்ப் பேச்சில் இருந்தது. தமிழாசிரியர் முகம் சுளித்தார். உலகத்தில் யார் வெற்றுத் தாளைக் காட்டினாலும் அவர் அக்காவாகிவிடுவாரே என்றார். ஆகிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

எங்களிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒவ்வொரு புதிய பதிப்பையும் சோதிக்க நீளமான அச்செழுத்து வேண்டும், அதற்கு யாரும் உரிமை கேட்டு வரவும் கூடாது. அதனால் செயலியின் உரிமப் பத்திரத்தையே பயன்படுத்தினோம். தமிழாசிரியர் மெனக்கெட்டுத் தமிழில் ஆக்கியிருந்தார், வெயில்காலக் கண்மாய் மாதிரி வறண்ட நடை. அதை அச்சடித்து அக்காவிடம் கொடுத்துவிடுவோம். முழுவதையும் படிக்கவிட்டுக் கேட்டு, எங்கே தடுக்குகிறது என்று அவள் சொல்வாள். தமிழாசிரியரைத் தவிர எங்களில் யாரும் முழுதாகப் படித்திராத அந்தப் பத்திரம் அவளுக்கு மனப்பாடம். வக்கீலம்மா என்று அவளைக் கேலி செய்வோம்.

புதிய வகைப் போன்கள் வந்ததும் கோளாறு தொடங்கியது. பத்தியின் நடுவில் குரல் திடீரென்று நின்றுவிடும். மூடித் திறந்தால் முதல் வரியிலிருந்து ஆரம்பிக்கும், மறுபடி நிற்கும். ஆய்வுக்கு வந்த அதிகாரி வகுப்பின் பின்னால் உட்கார்ந்திருந்த அன்றைக்கும் அப்படியே நின்றது. பிள்ளைகள் சிரித்தார்கள். அக்கா நினைவிலிருந்து பேசிச் சமாளித்தாள். ஆனாலும் சாயங்காலம் தலைமையாசிரியர் அவளைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை, நயமாகத்தான் பேசினார். இது சரியாகவில்லை என்றால் பத்தாம் வகுப்பை வேறொருவர் பார்க்கட்டும், நீங்கள் நூலகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அந்தப் பள்ளியில் நூலகம் என்பது ஒரு பூட்டிய பீரோ.

"பீரோவுக்குக் காவல் இருக்கச் சொல்றாங்கடி," என்றாள் அக்கா, வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது.

குழுவில் எழுதினேன். அவசரம், ஒருவருடைய வகுப்பே போகப்போகிறது என்று எழுதினேன். எங்கள் ஆட்களைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். அந்த நேரத்தில் செயலிக்கு ஒரு சின்னம் வைக்க வேண்டும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். சங்கு வைக்கலாம் என்று ஒரு கட்சி, குத்துவிளக்கு என்று இன்னொரு கட்சி. சங்கு என்றால் சாவு ஞாபகம் வரும் என்றார் ஒருவர். விளக்கு என்றால் பார்வையற்றவர்களை இழிவு செய்வது என்றார் மற்றொருவர். என் கடிதத்துக்குக் கீழே இரண்டு பேர் கைகூப்பும் பொம்மை போட்டிருந்தார்கள், அதற்குக் கீழே சங்குச் சண்டை தொடர்ந்தது. ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். ஊர் கூடியிருந்தது, தேரில் கை வைக்கத்தான் ஆளில்லை.

செயலியில் குரலை ஓட்டும் பகுதியை முழுதாக அறிந்தவர் அறந்தாங்கிக்காரர் ஒருவர்தான். அவர் வளைகுடா வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பியிருந்தார். திரும்பியவருக்குப் புதுக்கோட்டையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை கிடைத்ததாகக் கேள்விப்பட்டு நானும் சந்தோஷப்பட்டேன். அதன் பிறகு குழுவில் அவர் சத்தமே இல்லை. ஒருநாள் குழுவிலிருந்து விலகியும்விட்டார். போன் செய்து செய்து, கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டீக்கடைக்கு வரவழைத்தேன்.

நிற்கிற குரலைப் பற்றிச் சொன்னேன். அவர் டீயைக் குடிக்காமல் கண்ணாடி டம்ளரையே உருட்டிக்கொண்டிருந்தார்.

"அதச் சரி பண்ணிட்டேங்க," என்றார். "அங்க."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்தபோது டீ கசந்தது. அங்கே அந்த ஓட்டை இருந்திருக்கிறது என்றால், அங்கே இருப்பதும் எங்கள் செயலிதான். கம்பெனி அதை அப்படியே எடுத்துக்கொண்டு, எழுதியவர்களின் பெயர்களை எல்லாம் துடைத்துவிட்டு, இன்-ஹவுஸ், அதாவது சொந்தத் தயாரிப்பு என்று பெயர் வைத்திருந்தது. அதைத் துடைக்கவும் ஒட்டவும் தெரிந்த ஆளையும் சேர்த்து எடுத்துக்கொண்டிருந்தது. அவர் அலுவலகத்தில் எழுதினாலும் வீட்டில் எழுதினாலும் ஒவ்வொரு வரியும் கம்பெனிக்குச் சொந்தம் என்று ஒப்பந்தம்.

சரி பண்ணியதை இங்கிட்டும் கொடுங்கள் என்றேன்.

"கையெழுத்துப் போட்டுட்டேங்க. வீட்டுல ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. திரும்பக் கடல் தாண்டிப் போகச் சொல்றீங்களா?"

போங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை, இருங்கள் என்று சொல்லவும் மனம் வரவில்லை. அந்த மனிதர் எழுந்து போன பிறகும் அவர் உருட்டிய டம்ளரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒரு மனிதனை அவன் செய்த நல்ல காரியத்திலிருந்தே விலை பேசிப் பிரிக்க முடியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதைப் போல அருவருப்பானதை நான் அதுவரை பார்த்ததில்லை.

அடுத்த மாதம் அக்காவுக்கு அழைப்பிதழ் வந்தது. அந்தக் கம்பெனியின் வெளியீட்டு விழா, பார்வையற்ற ஆசிரியை என்ற முறையில் அவள் மேடையில் செயலியை இயக்கிக் காட்ட வேண்டுமாம். போகக் கூடாது என்றேன். அழைப்பிதழைக் கிழிக்கக்கூடப் போனேன். அவள் அதைக் கையிலிருந்து வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

மண்டபத்தில் கூட்டம் நிரம்பியிருந்தது. பார்வையற்றவர்களை ஒரு வரிசையாக நிற்க வைத்துச் சால்வை போட்டார்கள். ஒருங்கிணைப்பாளப் பெண் அக்காவிடம் ஒரு கறுப்புக் கண்ணாடியைக் கொடுத்து, இதைப் போட்டுக்கொண்டால் போட்டோவில் நன்றாக இருக்கும் என்றாள். எனக்கு வேண்டாம், நான்தான் போட்டோவைப் பார்க்கப் போவதில்லையே என்று அக்கா சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தாள். மற்றவர்கள் போட்டுக்கொண்டு நின்றார்கள். அந்த வரிசையைப் பார்க்கச் சகிக்காமல் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கம்பெனி முதலாளி நன்றாகப் பேசினார். வெளியாள் கைபடாமல், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை எங்கள் அலுவலகத்துக்குள்ளேயே, எங்கள் பிள்ளைகளே எழுதியது என்றார். சும்மா கிடைக்கிற மென்பொருளை நம்பினால் இப்படித்தான் நடுவழியில் விட்டுவிடும், பொறுப்பு ஏற்க ஆள் இருக்காது என்றார். அதில் ஒரு பாதி உண்மை என்பதுதான் என்னை அதிகம் எரித்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன், சோறு நன்றாக வெந்திருக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தான்.

அக்காவை மேடைக்கு அழைத்துப்போய் ஒரு போனையும் அச்சடித்த தாளையும் கொடுத்தார்கள். போனைப் பிடித்தாள். சித்தியின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. நிற்காமல், தடுக்காமல், தாள் முழுவதையும் படித்து முடித்தது. கைதட்டினார்கள். அக்கா உடனே கீழே இறங்கவில்லை. தாளைத் திருப்பி அதன் வெற்றுப் பக்கத்தின் மேல் போனைப் பிடித்தாள்.

"இந்தப் பக்கத்துல ஒண்ணுமில்ல அக்கா."

கொல்லென்று சிரிப்பு எழுந்தது. பெயர்களை ஒன்றுவிடாமல் துடைத்தவர்கள் இதை விட்டுவிட்டார்கள். கண் தெரிகிறவன் எவனும் வெற்றுத் தாளுக்குச் செயலியைக் காட்ட மாட்டான், அதனால் அந்த அலுவலகத்தில் யாரும் அதைக் கேட்டதே இல்லை. அறந்தாங்கிக்காரர் வேண்டுமென்றேதான் விட்டுவைத்தார் என்று குழுவில் சிலர் பிற்பாடு சொன்னார்கள். அப்படி நம்ப எனக்கு அவ்வளவு நல்ல மனது இல்லை.

அக்கா ஒலிவாங்கியில் சொன்னாள்: "அந்த அக்கா நாந்தாங்க."

இதோ விழப்போகிறது முகமூடி என்று நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். முதலாளி ஒரு வினாடிகூடத் தடுமாறவில்லை. ஒலிவாங்கியை மெதுவாக வாங்கி, ஆமாம், நம் எல்லோருக்கும் இவர் அக்காதான், எங்கள் பிள்ளைகள் எவ்வளவு பாசத்தோடு எழுதியிருக்கிறார்கள் பாருங்கள் என்றார். குரல்கூடத் தழுதழுத்தது. மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. எனக்குப் பின்னால் ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்கள் வேலையைத் திருடியதைக்கூடப் பொறுத்திருப்பேன். எங்கள் பாசத்தையும் சேர்த்துத் திருடினான் பாருங்கள், அதை இன்றுவரை என்னால் செரிக்க முடியவில்லை.

பிறகு நினைவுப்பரிசு. செயலி ஏற்றிய அந்தப் போனை ஒரு பெட்டியில் வைத்து, ஒரு வருடத்துக்கு இலவசம் என்று அறிவித்து, அக்கா கையில் கொடுத்தார். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பார்கள், அதற்கு மேடை போட்டு மாலையும் போட்டிருந்தார்கள். அக்கா அதைத் தூக்கி எறிவாள் என்று நினைத்தேன். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"ரொம்ப நன்றிங்க சார். இதோட மூல நிரலையும் குடுத்துருங்க, மெஷின் படிக்கிற மாதிரி," என்றாள்.

முதலாளிக்கு அது என்னவென்று புரிந்ததாகத் தெரியவில்லை. இன்னொரு சால்வை என்று நினைத்தாரோ என்னவோ. உங்களுக்கு இல்லாததா, கண்டிப்பாகத் தருகிறோம் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். மறுபடி கைதட்டல். மேடையின் ஓரத்தில் நின்ற அறந்தாங்கிக்காரர் மட்டும் தட்டவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அக்காவைத் திட்டிக்கொண்டே வந்தேன். திருட்டுப் பொருளை வாங்கலாமா, மானம் இல்லையா என்றெல்லாம் கேட்டேன். அவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாள். கடைசியில் சொன்னாள்.

"கோவம் ஒனக்கு, வகுப்பு எனக்கு. நாளைக்கு நான் பாடம் எடுக்கணும்டி."

சற்று நேரம் கழித்து உரிமப் பத்திரத்தில் ஒரு பத்தியைச் சித்தி படிப்பதுபோலவே ஏற்ற இறக்கத்தோடு ஒப்பித்தாள். செயலியை யார் பெற்றாரோ அவருக்கே நிரலைக் கேட்கும் உரிமை, அதுவும் கணினியில் போட்டு ஓட்டும் வடிவில். எங்கள் குழுவில் யாருக்கும் அந்தக் கம்பெனி எதையும் கொடுக்கவில்லை, அதனால் நாங்கள் யாரும் அதைக் கேட்க முடியாது. இப்போது அவளுக்குக் கொடுத்துவிட்டது. அதற்காகத்தான் வாங்கினேன் என்றாள்.

அந்த வருடம் அவள் வகுப்பு தடங்கலின்றி நடந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நானும் பொய் சொன்னவளாவேன். ஆனால் ஒரு வருடம் முடிந்த பிறகு அதைத் தனி ஆளுக்குத் தர மாட்டார்களாம், நிறுவனங்களுக்கு மொத்தமாக மட்டும்தானாம். அவள் பள்ளிக்கூடம் வாங்குமா என்று தலைமையாசிரியரிடம் நான் கேட்டதற்கு, அவர் கூரையைக் காட்டினார், மழை ஒழுகும் இடம். ஜூனில் பள்ளி திறக்கும்போது பரிசு முடிந்துவிடும். அதற்குள் சரி செய்த வரிகள் எங்கள் கைக்கு வந்தால் எங்கள் செயலி பேசும். இல்லாவிட்டால் பீரோ.

அக்கா கம்பெனிக்கு எழுதினாள். பதில் இல்லை. மறுபடி எழுதினாள். சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று வந்தது. இதற்கிடையில் கம்பெனியின் விளம்பரம் வாட்ஸப்பில் சுற்றத் தொடங்கியிருந்தது. வெற்றுத் தாள் வசனத்தையே அதன் உச்சமாக வைத்திருந்தார்கள், முடிவில் "இது முழுக்க முழுக்க எங்கள் சொந்தத் தயாரிப்பு" என்று அதே சித்தியின் குரல். ஆவூரிலிருந்து சித்தி போன் செய்தார். நான் கேட்கும் முன்பே பேசத் தொடங்கிவிட்டார்.

"நான் இப்படி வாசிக்கவே இல்லையே கண்ணு. நான் சொல்லாத பொய்ய என் வாயால சொல்ல வச்சிருக்கான். பூசையில எப்புடி நான் இனிமே நின்னு வாசிப்பேன்?"

கம்ப்யூட்டர் அப்படித்தான் சித்தி, எழுத்துகளைக் கோத்து எதை வேண்டுமானாலும் சொல்ல வைக்கலாம் என்று விளக்கினேன். விளக்க விளக்க எனக்கே என் மேல் வெறுப்பாக இருந்தது. அந்த அறையில் அவரை உட்கார வைத்துப் படிக்கச் சொன்னவள் நான்.

மே மாதத்தில் ஒருநாள் அக்கா வீட்டுக்குக் கூரியரில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்தது. நிரல்தான். அச்சடித்துக் கட்டுக் கட்டாக அனுப்பியிருந்தார்கள். கண் தெரியாத ஒருத்திக்குக் காகிதத்தில். நான் கம்பெனிக்குப் போன் செய்து கத்தினேன். மறுமுனையில் பேசிய பெண் கோபப்படவே இல்லை, சொல்லிக்கொடுத்ததைச் சொன்னாள்.

"மெஷின் படிக்கிற மாதிரி வேணும்னு கேட்டிருந்தாங்கல்ல மேடம். எங்க செயலியே பேப்பரப் படிக்குமேங்க."

அக்கா அதைக் கேட்டுவிட்டு, சரி, படிக்கவிட்டுப் பார்ப்போம் என்றாள். அன்று காலையிலேயே நான் பெட்டியைப் படம் எடுத்துக் குழுவில் போட்டிருந்தேன். இதில் வேண்டிய வரிகள் இருந்தால் எடுத்துக்கொள்வோம், இல்லாவிட்டால் ஜூனுக்குள் நாமே புதிதாக எழுதியாக வேண்டும், யார் வருகிறீர்கள் என்று கேட்டிருந்தேன்.

மத்தியானம் தரையில் தாள்களைப் பரப்பிக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். ஒவ்வொரு பகுதியின் தலையிலும் அது எதற்கு என்று தமிழில் ஒரு வரி எழுதுவது எங்கள் குழுவின் வழக்கம். அந்த வரிகளைக்கூட அவர்கள் மாற்றவில்லை. அக்கா ஒவ்வொரு கட்டின் முதல் தாளையும் கம்பெனிப் போனின் கீழே வைப்பாள், சித்தியின் குரல் தலைப்பைப் படிக்கும், அவள் அடுத்ததை எடுப்பாள். எல்லாம் எங்கள் பழைய வரிகள், எங்களிடமே இருப்பவை. வெயில் சாய்ந்த பிறகு ஒரு கட்டில் குரல் சொன்னது: "பேச்சு இடையில் நிற்காமல் ஓடச் செய்யும் பகுதி." அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

தலைப்புத் தாளை எடுத்ததும் அதன் அடியில் இருந்தது என் கண்ணில் பட்டது. அதற்கு அடியில் இருந்ததும் பட்டது. அவள் அடுத்த தாளை எடுத்து, ஓரங்களை விரலால் சரிபார்த்து, போனின் கீழே நேராக வைத்தாள்.

"இந்தப் பக்கத்துல ஒண்ணுமில்ல அக்கா."

அதை நகர்த்திவிட்டு அடுத்ததை வைத்தாள்.

"இந்தப் பக்கத்துல ஒண்ணுமில்ல அக்கா."

போதும் விடு என்றேன். அவள் கேட்கவில்லை. கட்டு முடியும் வரை ஒவ்வொரு தாளாக வைத்தாள், ஒவ்வொரு தாளுக்கும் சித்தி அதே பாசத்தோடு அதையே சொன்னார். கடைசித் தாளும் முடிந்ததும் அக்கா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"அந்தக் கம்பெனியில உண்மையச் சொல்றது இது ஒண்ணுதான்டி," என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை.

அப்போது என் போன் ஒலித்தது. குழுவிலிருந்து செய்தி வந்திருந்தது. என் படத்துக்குக் கீழே ஒரு கைகூப்பும் பொம்மை, அதற்குக் கீழே ஒரு வாக்கெடுப்பு: சங்கா, விளக்கா, ஞாயிற்றுக்கிழமைக்குள் அனைவரும் வாக்களிக்கவும்.

"யாருடி? நம்ம குழுவா?" அக்கா முகத்தை என் பக்கம் திருப்பினாள். "என்ன சொல்றாங்க?"

நான் போனைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன்.

"ஒண்ணுமில்ல அக்கா," என்றேன்.